கயிறு பிடிப்பவர்

நுழையும்முன்

அறிவியல் விதிகளைத் தேர்வுக்காகப் படிக்கிறோம். அவை நம் வீட்டிலும் தெருவிலும் கடலிலும் இடைவிடாது இயங்கிக்கொண்டிருப்பதை மறந்துவிடுகிறோம். நூலில் இருந்த ஒரு விதி உரிய நேரத்தில் உரியவரைச் சென்று சேராமல்போன நிகழ்வொன்றை, முத்துக்குளித்துறையில் பிறந்து வளர்ந்த ஆசிரியர் ஒருவர் இங்கே நினைவுகூர்கிறார்.

தாத்தாவின் மூச்சு

என் தாத்தா முத்துக்குளித்தவர். நான் சிறுமியாக இருந்தபோதே அவர் கடலுக்குச் செல்வதை நிறுத்தியிருந்தார். மாலை வேளைகளில் திண்ணையில் அமர்ந்துகொண்டு, “எண்ணு பார்க்கலாம்” என்பார். நான் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்குவேன். அவர் மூச்சை அடக்கிக்கொள்வார். ஐம்பதைத் தாண்டியதும் எனக்கு அச்சம் வந்துவிடும். அவருடைய தோளைப் பிடித்து உலுக்குவேன். அவர் சிரித்தபடியே மூச்சை விட்டு, “நீ கயிறு பிடிக்க உதவமாட்டாய்; பயந்து முன்னதாகவே இழுத்துவிடுவாய்” என்பார்.

கயிறு பிடிப்பது என்றால் என்னவென்று அவரே சொல்லக் கேட்டிருக்கிறேன். அக்காலத்தில் முத்துக்குளிப்பவர் கனத்த கல் ஒன்றைக் கட்டிய கயிற்றில் காலை வைத்துக்கொண்டு கடலுக்குள் இறங்குவார். கல்லின் எடை அவரை விரைவாக அடித்தளத்திற்குக் கொண்டுசேர்க்கும். அங்கே ஒற்றை மூச்சில், ஏறத்தாழ ஒரு நிமிடத்திற்குள், கைக்கு எட்டிய சிப்பிகளைத் திரட்டிப் பையில் இட்டுக் கயிற்றை அசைப்பார். படகில் இருப்பவர் அந்த அசைவை உணர்ந்த கணமே மேலே இழுக்க வேண்டும். ஒரு கணம் தாமதித்தாலும் உயிர் போய்விடும். ஆகவே கயிற்றை மைத்துனரிடமே ஒப்படைப்பது வழக்கம் என்று எங்கள் கடற்கரையில் சொல்வார்கள். தன் தமக்கையோ தங்கையோ தாலியிழக்கக் கூடாது என்னும் கவலை அவரை ஒருபோதும் கண்ணயர விடாது அல்லவா? என் தாத்தாவின் கயிற்றைப் பிடித்தவரும் என் பாட்டியின் தம்பிதான்.

“கடலுக்குள்ளே இருப்பவனுக்கு அறிவு கொஞ்சம் மங்கும். அவனுக்கும் சேர்த்து மேலே இருப்பவன் யோசிக்க வேண்டும்” என்று தாத்தா அடிக்கடி கூறுவார். அதன் முழுப் பொருளை நான் உணர்ந்துகொள்ள நாற்பது ஆண்டுகள் ஆயின.

முத்து முடிந்தது, சங்கு தொடர்ந்தது

கொற்கை தொடங்கி ஈராயிரம் ஆண்டுகளாகப் புகழ்பெற்றிருந்த இக்கரையின் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டுடன் நின்றுபோனது. கடலடியில் உள்ள முத்துச்சிப்பிப் படுகைகளைப் ‘பார்’ என்பர். அந்தப் பார்களில் அதன்பிறகு குளிப்பு நடத்தும் அளவிற்குச் சிப்பிகள் பெருகவில்லை. அறிவியல் வேறு வழியில் முத்துக்குத் திரும்பி வந்தது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அறிவியலாளர்கள் தூத்துக்குடிக்கு வடக்கே உள்ள வேப்பலோடையில், சிப்பியின் உடலுக்குள் சிறு மணியையும் மற்றொரு சிப்பியின் மென்திசுத் துண்டையும் பொருத்தி, 1973ஆம் ஆண்டில் உருண்டையான வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினர். இந்தியாவில் அது முதல் வெற்றி.

அதற்கு அடுத்த ஆண்டு, 1974 ஜூலை 11 அன்று, தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. இன்று அது வ.உ.சி. துறைமுகம். நான் பணியாற்றிய பள்ளியின் மாடியில் நின்றால், தெற்கே துறைமுகத்தின் கிரேன்கள் கண்டெய்னர்களைத் தீப்பெட்டிகளைப்போல் தூக்கி அடுக்குவது தெரியும். வடக்கே திரேஸ்புரம் பக்கமிருந்து சிறுபடகுகள் கிளம்பிச் செல்வதும் தெரியும். அவற்றுள் சில, சங்கு குளிக்கச் செல்லும் படகுகள். முத்துக்குளிப்பு நின்றபின்னும் சங்குகுளிப்பு நிற்கவில்லை. வங்காளத்து மணப்பெண்கள் அணியும் வெண்சங்கு வளையல்களுக்கு எங்கள் கடலின் சங்கே நெடுங்காலம் மூலப்பொருளாக இருந்துவருகிறது.

சங்கு குளிப்போரின் வாழ்வில் ஒரு பெருமாற்றம் நிகழ்ந்தது. ஒற்றை மூச்சுக்கு மாற்றாகக் கம்ப்ரசர் வந்தது. வாகனச் சக்கரங்களுக்குக் காற்று நிரப்பும் கடைகளில் நீங்கள் பார்க்கும் அதே வகைப் பொறிதான். படகில் அதனை நிறுத்தி, நீண்ட நெகிழிக்குழாயின் ஒருமுனையை அதனுடன் இணைத்து, மறுமுனையை வாயில் கவ்விக்கொண்டு இறங்கினால், ஒரு நிமிடம் என்னும் எல்லை உடைந்துபோகும். ஒரு மணி நேரம் வேண்டுமானாலும் கடலடியில் நடமாடலாம். தாத்தா இருந்திருந்தால் வியந்துபோயிருப்பார்.

ஒரு கேள்வி

அவன் என்னிடம் பதினோராம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் தமிழ் படித்தவன். பெயர் வேண்டா. குறும்புக்காரன், ஆயினும் செய்யுளை ஒருமுறை கேட்டாலே மனத்தில் இருத்திக்கொள்வான். தந்தை இறந்தபின் குடும்பச்சுமை அவன்மேல் விழுந்தது. கல்லூரியில் சேராமல் கடலுக்குச் சென்றான்.

மூன்று ஆண்டுகள் கழித்து, அவன் படுத்த படுக்கையாக இருக்கிறான் என்று வகுப்புத்தோழன் ஒருவன் வந்து சொன்னான். அன்று மாலையே சென்று பார்த்தேன். கட்டிலில் சுவரோரம் சாய்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழ முயன்றான். இடுப்புக்குக் கீழே உடல் அவன் சொல்லைக் கேட்கவில்லை.

நடந்ததை அவனே சொன்னான். பத்துப் பாகம் ஆழத்தில் நல்ல சங்கு கிடைத்திருக்கிறது. (ஒரு பாகம் என்பது ஆறடி.) அன்று ஒரே நாளில் மூன்று முறை இறங்கியிருக்கிறான்; ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரத்திற்குமேல் கீழே இருந்திருக்கிறான். பை நிறைந்ததும் விரைந்து மேலே வந்திருக்கிறான். படகில் ஏறியபின் தோள்பட்டை வலித்தது. களைப்பு என்று எண்ணினான். பிறகு கால்களில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. கரை சேர்ந்தபோது எழுந்து நிற்க முடியவில்லை.

“அம்மா, எனக்கு அடிபடவில்லை. எலும்பு முறியவில்லை. சுறா கடிக்கவில்லை. மூச்சுக்கூட முட்டவில்லை. அப்புறம் ஏன் நடக்க முடியவில்லை?” என்று கேட்டான்.

முப்பது ஆண்டுகள் மாணவர்களின் கேள்விகளுக்கு விடை சொல்லிப் பழகிய எனக்கு, அந்தக் கேள்விக்கு விடை தெரியவில்லை.

மறுநாள் ஆசிரியர் அறையில் வேதியியல் ஆசிரியையிடம் இதனைக் கூறினேன். அவர் முகம் வாடிப்போயிற்று. அலமாரியிலிருந்து பாடநூலை எடுத்து, வாயுக்களைப் பற்றிய பகுதியைப் பிரித்து என்முன் வைத்தார். “இதை அவன் வகுப்பிற்கு நான்தான் நடத்தினேன். இரண்டு மதிப்பெண் வினா என்று சொல்லி நடத்தினேன்” என்றார். பிறகு சிறிது நேரம் இருவரும் பேசவில்லை.

கோலி சோடாவும் குருதியும்

அந்தப் பக்கங்களில் இருந்தவை இரண்டே விதிகள். முதலாவது பாயில் விதி. வெப்பநிலை மாறாதபோது, வாயுவின் அழுத்தம் கூடினால் அதன் பருமன் அதே விகிதத்தில் குறையும் என்று அறிவியலாளர் இராபர்ட் பாயில் 1662ஆம் ஆண்டில் வெளியிட்டார். கடலில் ஒவ்வொரு பத்து மீட்டர் ஆழத்திற்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. கரையில் ஆறு லிட்டர் காற்றை நிரப்பிக்கொண்டு இறங்கும் ஒருவரின் நுரையீரலில் உள்ள காற்று, பத்து மீட்டர் ஆழத்தில் மூன்று லிட்டராகச் சுருங்குகிறது. இருபது மீட்டரில் இரண்டு லிட்டராகிறது. என் தாத்தாவின் நெஞ்சு கடலடியில் இப்படித்தான் சுருங்கி, மேலே வரும்போது மீண்டும் விரிந்திருக்கும். அவர் கொண்டுசென்றது ஒற்றை மூச்சுக் காற்றுதான், அதையே கொண்டுவந்தார்.

கம்ப்ரசரில் மூச்சுவிடுபவரின் நிலை வேறு. அவருக்குக் கடலடி அழுத்தத்திற்கு ஈடான அழுத்தத்தில் காற்று வந்துகொண்டே இருக்கிறது. அதாவது, பத்து மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கரையில் உள்ளதைப்போல் இருமடங்கு காற்றை அவர் உள்ளிழுக்கிறார். இருபது மீட்டரில் மூன்று மடங்கு. அத்தகையவர் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரல் விரிந்து கிழிந்துபோகும்.

இரண்டாவது விதி, 1803ஆம் ஆண்டில் வில்லியம் ஹென்றி கண்டறிந்தது. நீர்மத்தின் மேல் உள்ள வாயுவின் அழுத்தம் மிகுந்தால், அவ்வாயு நீர்மத்தில் கரையும் அளவும் மிகும். இதற்குக் கோலி சோடாவைவிடச் சிறந்த சான்று இல்லை. உயர் அழுத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு நீரில் கரைந்திருக்கும்வரை புட்டிக்குள் ஒரு சலனமும் இல்லை. கோலியை அழுத்தியதும் அழுத்தம் சட்டென்று குறைகிறது. கரைந்திருந்த வாயு குமிழிகளாகப் பொங்கிவருகிறது. மெல்ல மெல்லத் திறந்தால் பொங்காமல் அடங்கிவிடும்.

நாம் உள்ளிழுக்கும் காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜன். உடல் அதனைப் பயன்படுத்துவதில்லை. கடலடியில் நெடுநேரம் மூச்சுவிடும்போது அந்த நைட்ரஜன் குருதியிலும் கொழுப்பிலும் நரம்புத்திசுக்களிலும் கரைந்து சேர்கிறது. மெல்ல மேலே வந்தால் மூச்சு வழியாகவே வெளியேறிவிடும். விரைந்து வந்தாலோ, உடலே திறந்த சோடாப்புட்டி ஆகிவிடுகிறது. குமிழிகள் மூட்டுகளில் தங்கினால் வலி. தண்டுவடத்தில் தங்கினால் கால்கள் செயலிழந்துபோகும். என் மாணவனின் கேள்விக்கு விடை இதுதான். அவனைத் தாக்கியவை, கண்ணுக்குப் புலப்படாத சிறு குமிழிகள்.

பாலத்தின் விலை

இந்த நோயை உலகம் முதலில் கண்டது முத்துக்குளிப்பவரிடத்தில் அன்று, அழுத்தக்காற்றில் வேலை செய்தவரிடத்தில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆற்றின் அடியில் தூண் அமைக்க, அடிப்புறம் திறந்த மாபெரும் பெட்டிகளை இறக்கி, நீர் புகாதவாறு அழுத்தக்காற்றை நிரப்பி, அதனுள் ஆட்களை வேலை செய்யவிட்டனர். வேலை முடிந்து வெளியே வந்தோர் வலியால் சுருண்டு விழுந்தனர். சிலர் இறந்தனர். நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தைக் கட்டிய தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங் 1872ஆம் ஆண்டில் இந்நோயால் வீழ்ந்தார். அதன்பின் அவர் தம் வீட்டுச் சாளரத்தின் வழியே தொலைநோக்கியால்தான் பாலத்தைக் கண்காணிக்க முடிந்தது. அவருடைய மனைவி எமிலி ரோப்ளிங் பொறியியலைத் தாமே கற்றுக்கொண்டு, கணவருக்கும் களத்திற்கும் இடையே பத்தாண்டுகளுக்குமேல் நடந்து, 1883ஆம் ஆண்டில் பாலம் நிறைவுறத் துணைநின்றார். அவர் கதையைப் படித்தபோது, படகில் அமர்ந்து கயிறு பிடித்த என் பாட்டியின் தம்பிதான் என் நினைவுக்கு வந்தார்.

நோயின் காரணத்தை 1878ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் பால் பேர் விளக்கினார்: நைட்ரஜன் குமிழிகளே குற்றவாளிகள். தடுக்கும் வழியை ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் ஸ்காட் ஹால்டேன் கண்டார். பிரிட்டிஷ் கடற்படைக்காக ஆடுகளை அழுத்த அறையில் வைத்து ஆராய்ந்து, எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தவர், மேலே வரும்போது எங்கெங்கே எவ்வளவு நேரம் நின்று வரவேண்டும் என்பதை அட்டவணையாக 1908ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதன்பின் வந்த அட்டவணைகள் பல அதன் வழித்தோன்றல்களே.

ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். என் மாணவன் கடலில் இறங்குவதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே அவனைக் காக்கும் அறிவு அச்சிடப்பட்டிருந்தது. கம்ப்ரசர் எங்கள் கடற்கரைக்கு வந்துசேர்ந்தது. அந்த அட்டவணை அவன் படகிற்கு வரவில்லை. முத்துச்சிப்பியின் உடலை நுட்பமாக ஆராய்ந்து முத்தை விளைவித்த அதே ஊரில், குளிப்பவரின் உடலுக்குள் நிகழ்வது குளிப்பவருக்குத் தெரியாமல் இருந்தது.

மூன்றாம் முடிச்சு

அவனுக்கு நேர்ந்ததை விளக்கச் சென்றேன். வேதியியல் ஆசிரியையும் உடன்வந்தார். போகும் வழியில் சோடா ஒன்றை வாங்கிக்கொண்டோம். அதை அவன் கண்முன் உடைத்துக் காட்டியபோது, குமிழிகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“படகில் இருந்த பெரியவர் ஒருவர், என்னைத் திரும்பவும் தண்ணீருக்குள் இறக்கச் சொன்னார் அம்மா. மற்றவர்கள் வேண்டாம் என்றார்கள். அவர் சொன்னது சரியா?” என்று கேட்டான்.

அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. அழுத்தம் மீண்டும் கூடினால் குமிழிகள் சுருங்கும். அனுபவம் அதை அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. ஆனால், உணர்வு குன்றியவரைக் கடலில் இறக்குவது பேராபத்து. அதனையே மருத்துவம் கரையில் செய்கிறது. நோயாளியை அழுத்த அறையில் வைத்து, ஆக்சிஜன் கொடுத்து, அழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் குறைக்கிறது. அதற்கும் காலம் தாழ்த்தக் கூடாது. அவனுக்கு நாள்கள் கடந்துவிட்டன. இயன்முறை மருத்துவத்தால் ஓராண்டிற்குப் பின் ஊன்றுகோலுடன் நடந்தான்.

நடக்கத் தொடங்கியதும் என்னிடம் வந்தான். அவனுடைய தம்பியும் சங்கு குளிக்கத் தொடங்கியிருந்தான். “போகாதே என்று சொன்னால் கேட்கமாட்டான். அந்த அட்டவணை எங்கே கிடைக்கும்?” என்று கேட்டான்.

கடற்படை அட்டவணை கிடைப்பது அரிதன்று. ஆனால், அது ஆங்கிலத்தில் இருந்தது; ஆழத்தை மீட்டரிலும் அடியிலும் சொன்னது. எங்கள் கடலிலோ ஆழத்தைப் பாகத்தில்தான் அளப்பர். வேதியியல் ஆசிரியை கணக்கிட, நான் தமிழில் எழுதினேன். பணிவாழ்வில் நான் எழுதியவற்றுள் மிகச் சிறியது அதுவே: ‘பத்துப் பாகம் – நாளுக்கு ஒருமுறை – ஒரு மணி நேரத்திற்குள். மேலே வரும்போது மூச்சை அடக்காதே. ஒரு நிமிடத்தில் ஐந்து பாகத்திற்குமேல் ஏறாதே. மூன்று பாகத்தில் மூன்று நிமிடம் நில். தோள் வலித்தாலோ கால் மரத்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்.’

“எழுத்தைத் தண்ணீருக்குள் எப்படிப் படிப்பான்?” என்று அவன் சிரித்தான். பிறகு அவனே வழி கண்டான். கயிற்றில் பாகத்திற்கு ஒரு முடிச்சு இட்டான். மேலிருந்து மூன்றாம் முடிச்சைச் சிவப்புத் துணியால் சுற்றினான். தம்பி இறங்கும் நாள்களில் அவனும் படகில் செல்கிறான். கையில் கடிகாரம், மற்றொரு கையில் கயிறு. நேரம் முடிந்ததும் இருமுறை சுண்டுவான். தம்பி சிவப்பு முடிச்சைப் பற்றிக்கொண்டு நிற்கும் அந்த மூன்று நிமிடமும் அவன் கடலையே பார்த்துக்கொண்டிருப்பானாம்.

கருவியும் அறிவும்

மாணவர்களே, இந்தத் துறைமுகம் தாங்கியிருக்கும் பெயரை எண்ணிப் பாருங்கள். வ.உ.சிதம்பரனார் 1906ஆம் ஆண்டில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியபோது, முதலில் கப்பலை வாடகைக்கு எடுத்தே ஓட்டினார். ஆங்கிலேயக் கப்பல் நிறுவனத்தின் நெருக்குதலால் அந்த வாடகைக் கப்பல் கைவிட்டுப்போனது. அதன்பின்னரே ‘காலியா’, ‘லாவோ’ என்னும் கப்பல்களைச் சொந்தமாக வாங்கினார். நம்முடையதாக இல்லாத ஒன்றை நம்பிப் பயணம் தொடங்கினால், நடுக்கடலில் அது நம்மைக் கைவிடக்கூடும் என்பதை அவர் வாழ்வு உணர்த்துகிறது.

கருவியைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். அது எப்படி இயங்குகிறது, எங்கே தீங்கு செய்யும் என்னும் அறிவை வாங்க இயலாது. கற்றே அதை நமதாக்கிக்கொள்ள வேண்டும். உங்கள் சட்டைப்பையில் இருக்கும் அலைபேசி, வீட்டில் உள்ள எரிவாயு உருளை, வயலில் தெளிக்கும் பூச்சிமருந்து, நாளை நீங்கள் இயக்கப்போகும் பெரும்பொறி ஆகிய ஒவ்வொன்றும் கம்ப்ரசரைப் போன்றதே. ஒவ்வொன்றிற்கும் ஓர் அட்டவணை எங்கோ எழுதப்பட்டிருக்கிறது. அதைத் தேடிப் படிப்பதும், தேவைப்படுவோர் மொழியில் எடுத்துச் சொல்வதும் கற்றவர் கடமை.

இந்த ஆண்டு உங்கள் வேதியியல் நூலில் ‘கரைசல்கள்’ என்னும் பாடம் வரும். அதில் ஹென்றி விதி இருக்கும். அது இரண்டு மதிப்பெண் வினாவாகக் கேட்கப்படலாம், கேட்கப்படாமலும் போகலாம். படிக்கும்போது ஒரு கணம் நிறுத்தி, மூன்றாம் முடிச்சில் தொங்கிக்கொண்டு நிற்கும் ஓர் இளைஞனை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே, படகில், அவன் அண்ணன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.